உப்புக்காற்றும் நான்கு கம்பிகளும்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் கம்பி தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1972இல் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது முதல், எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவர் அந்தத் தொழிற்சாலைகளுக்குள் போய் வந்திருக்கிறார். சில்லுக்கும் அதன் கால்களுக்கும் நடுவே பாலம் போடும் தங்கக் கம்பி சுமார் 25 மைக்ரான் தடிமன்; தலைமுடியில் பாதிகூடத் தேறாது. அதைப் பொருத்தும் கூடத்தில் வெப்பமும் ஈரப்பதமும் இரவு பகலாக அளக்கப்படும். தூசிக்குக்கூட அனுமதி கிடையாது.

அந்தக் கூடத்தில் ஷிஃப்டு முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, சனிக்கிழமை ராத்திரி கல்யாண விருந்தில் பேஸ் கிட்டார் வாசிக்கக் கிளம்பும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் கையிலும் கம்பிதான். அதில் ஆகத் தடித்தது 2.67 மில்லிமீட்டர், காலையில் அவர் பார்த்த தங்கக் கம்பியைப் போல நூறு மடங்குக்கு மேல். ஆனால் இதைக் காப்பாற்றக் குளிரூட்டிய கூடம் இல்லை. காரின் பின்னால் கிடந்து வெந்து, மேடையில் வியர்வையில் ஊறி, நள்ளிரவில் ஈரத்தோடு பைக்குள் போய்ப் படுக்கிறது. மாட்டிய அன்று பியானோ போல் ஒலித்த கம்பி, சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஆகிவிடுகிறது.

“என்ன கம்பி போடலாம் அண்ணே?” என்று இளையவர்கள் மூத்தவர்களிடம் கேட்பது இந்தக் கட்டத்தில்தான். பதிலாக வருவது பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் பெயர். அந்தப் பெயருக்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்த ஊரின் காற்றை.

உப்பு செய்யும் வேலை

மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். பினாங்கில் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. பாயான் லெப்பாஸ் தீவின் தென்கிழக்கு ஓரம். கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

விரல் வியர்வையில் இருப்பதும் உப்புதான். காற்று வறண்ட நாட்டில் வாசித்து முடித்ததும் அது காய்ந்து பொடியாகிவிடும். இங்கே அது காயவே காயாது. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலமாகக் கம்பியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இந்த ஊரில் வாசிக்காத நாள்களிலும் கம்பி கெடுகிறது. ‘மாதக்கணக்கில் தாங்கும்’ என்று வெளிநாட்டு வாசிப்பாளர் ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய காற்று வேறு, அவ்வளவுதான்.

பேஸ் கம்பியின் உடலமைப்பைப் பார்த்தால் ஈரம் எங்கே நுழைகிறது என்பது புரிந்துவிடும். நடுவில் ஒரு எஃகு உயிர்க்கம்பி. அதன் மேல் இன்னொரு கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். தடித்த கம்பிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று சுற்று. ஏன் இந்தச் சிரமம்? தாழ்ந்த சுரத்துக்குக் கம்பி கனமாக இருக்க வேண்டும். ஒரே பருமனான எஃகுக் கம்பியைக் கட்டினால் கனம் கிடைக்கும், கூடவே விறைப்பும் வந்துவிடும். விறைத்த கம்பியின் மேல்சுரங்கள் சுருதியை விட்டு விலகிப்போகும். நாதம் இராது, ஆணியைத் தட்டிய ஒலிதான் வரும். மெல்லிய உயிர்க்கம்பியின் மேல் சுருளைச் சுற்றினால் கனம் கூடும், வளைவும் கெடாது.

மேல் சுற்று உருண்டைக் கம்பியாக இருந்தால் அதற்கு ரவுண்ட்வவுண்ட் என்று பெயர். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். வியர்வை, தோல் துகள், உப்பு எல்லாம் தங்கும் இடம் அந்தப் பள்ளம்தான். அழுக்கு சேரச் சேரக் கம்பியின் கனம் அங்கங்கே சமமில்லாமல் கூடுகிறது, அதிர்வைத் தின்கிறது. முதலில் போவது மேல்சுரங்களின் பளபளப்பு. பிறகு சுருதியே சந்தேகத்துக்குரியதாகிறது: திறந்த கம்பி சரியாக இருக்கும், 12ஆம் ஃபிரெட்டில் அழுத்தினால் விலகும். கருவி கெட்டுவிட்டதோ என்று கடைக்கு எடுத்துப்போகிறவர்களில் பலருக்குக் கெட்டிருப்பது கம்பி மட்டும்தான்.

தட்டையாக இருந்த காலம்

மேல் சுற்றைத் தட்டை நாடாவாகச் சுற்றினால் பள்ளமே இராது. இது ஃப்ளாட்வவுண்ட். விரலுக்குக் கண்ணாடிபோல் வழுக்கும். லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்த காலத்தில் பேஸ் கம்பி என்றாலே தட்டைச் சுற்றுதான். அப்போது எல்லோர் காதிலும் இருந்தது நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸின் ஒலி. புதுக் கருவியும் அந்த இருண்ட, உருண்ட ஒலியைத் தர வேண்டும் என்றே எதிர்பார்த்தார்கள்.

அந்த ஒலியின் உச்சத்தைக் கேட்க வேண்டுமானால் டெட்ராய்ட்டின் மோட்டவுன் பதிவுகளுக்குப் போக வேண்டும். அங்கே பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சன் 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் லா பெல்லா நிறுவனத்தின் கனமான ஃப்ளாட் கம்பிகளைக் கட்டியிருந்தார். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் மீட்டுவார். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பது இசைக்கலைஞர்கள் இன்றும் வியந்து பேசும் சேதி. வருடக்கணக்கில் ஊறிய கம்பியில் அவர் வாசித்த வரிகளை உலகம் முழுக்க பேஸ் மாணவர்கள் இன்றும் பாடமாகப் பயில்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர் லண்டனின் ஜான் என்ட்விசில். தி ஹூ குழுவின் பேஸ் கலைஞர். குழுவில் இருக்கும் கிட்டாரையும் டிரம்ஸையும் தாண்டித் தன் கருவி கேட்க வேண்டும் என்பது அவர் கவலை. 1965இல் வந்த ‘மை ஜெனரேஷன்’ பாடலுக்காக அவர் ஒரு டேனெலக்ட்ரோ பேஸை வாங்கினார். அதன் மெல்லிய கம்பிக்கு ஆசைப்பட்டு. கம்பி அறுந்தது. மாற்றுக் கம்பி தனியாகக் கிடைக்காததால் கம்பிக்காகவே இன்னொரு பேஸை வாங்க வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு ரோட்டோசவுண்ட் நிறுவனத்தாரோடு சேர்ந்து, நான்கு கம்பியும் ஒரே சீராகப் பளிச்சென்று ஒலிக்கும் ரவுண்ட் கம்பியை உருவாக்கினார். ஸ்விங் பேஸ் 66 என்ற பெயரில் அந்தக் கம்பி இன்றும் விற்பனையில் இருக்கிறது. 66 என்பது அந்த 1966ஐத்தான் குறிக்கிறது.

பத்தாண்டு கழித்து ஜாக்கோ பஸ்டோரியஸ் அதே ரவுண்ட் கம்பியை ஃபிரெட் இல்லாத பேஸில் கட்டினார். முரட்டுச் சுற்று மரப்பலகையை அரத்தைப் போல் அராவுமே? படகுக்குப் பூசும் எபாக்சியைப் பலகை முழுக்கப் பூசிக்கொண்டார். பேஸ் பாடக்கூடிய கருவி என்று உலகம் ஒப்புக்கொண்டது அவருடைய அந்த ஒலியில்.

தமிழ்க் காதுக்கு எது பொருந்தும்?

பினாங்கில் ஒரு தமிழ் இசைக்குழு ராத்திரி பத்து மணிக்கு வாசிக்கும் பாட்டுகளில் கணிசமானவை இளையராஜாவுடையவை. அவருடைய பாடல்களில் பேஸ் பின்னால் ஒளிந்து நிற்பதில்லை. பாடகரின் மெட்டுக்கு எதிராக இன்னொரு மெட்டை அது பாடிக்கொண்டே போகும். 1982இல் வந்த ‘நினைவெல்லாம் நித்யா’ படத்தின் ‘பனிவிழும் மலர்வனம்’ பாடலை, பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்டால் இது புரியும். அதே ஆண்டின் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் ‘இளைய நிலா’வின் கிட்டாரை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், அதன் கீழே நடக்கும் பேஸையும் கேட்க வேண்டும். அவர் குழுவில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்த சசிதரனின் பெயர் இன்னும் பலருக்குத் தெரிய வேண்டிய பெயர்.

அந்தக் காலப் பதிவுகளில் பேஸ் சுரம் உருண்டு வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு விலகிவிடும். உலோகச் சலங்கை ஒலி நீண்டு கிடக்காது. அந்த இடைவெளியில்தான் தபேலாவும் வயலின்களும் மூச்சு விடுகின்றன. புத்தம்புதிய எஃகு ரவுண்ட் கம்பியில் அதே வரியை வாசித்தால் சுரம் சரியாக இருந்தும் பாட்டு வேறாகத் தெரியும். விரல் நகரும்போது எழும் ‘சர்’ என்ற உரசல் வேறு.

எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏ.ஆர்.ரஹ்மானோடு பல ஆண்டுகள் பணியாற்றிய சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸின் வழுக்கி ஓடும் ஃபிரெட்லெஸ் வாசிப்பு ஒரு வகை. ரஹ்மானின் மேடைகளில் கட்டைவிரலால் அறைந்து வாசிக்கும் மோகினி டேயின் வேகம் இன்னொரு வகை. அந்த அறைக்கு ரவுண்ட் கம்பியின் உலோகக் கூர்மை வேண்டும். தட்டைக் கம்பியில் அது ‘தொப்’ என்றுதான் விழும்.

இந்த ஊருக்கு ஒரு கணக்கு

வாரத்துக்கு ஒரு மேடை, பெரும்பாலும் 70கள், 80களின் திரைப்பாட்டு, விரலால் மீட்டும் கை. இப்படி ஒருவர் பாயான் லெப்பாஸில் இருந்தால் அவர் முதலில் முயல வேண்டியது ஃப்ளாட் கம்பி. விலை ரவுண்டைவிட ஒன்றரை மடங்கிலிருந்து மூன்று மடங்குவரை போகும். கடையில் அந்த வெள்ளியை எண்ணிக் கொடுக்கும்போது மனசு வலிக்கத்தான் செய்யும். ஆனால் பள்ளம் இல்லாத மேற்பரப்பில் அழுக்கு தங்க இடம் இல்லை; துணியால் ஒரு இழு இழுத்தால் போய்விடும். டிஅடாரியோ குரோம்ஸ் போன்ற பல ஃப்ளாட் வகைகளின் மேல் சுற்று துருப்பிடிக்காத எஃகு. பளபளப்பு முதலிலேயே குறைவு என்பதால் அது குறைவதைப் பற்றிய கவலையும் குறைவு. பலரும் ஃப்ளாட் கம்பியை வருடக்கணக்கில் மாற்றாமல் வாசிப்பதற்குக் காரணம் இதுதான். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ரவுண்ட் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் கணக்கு நேராகிவிடும்.

இரண்டாவது தேர்வு நைலான் நாடா சுற்றிய கம்பி. பார்க்கக் கறுப்பாக இருக்கும். உள்ளே உலோகம், வெளியே நைலான். விரல் படும் இடத்தில் துருப்பிடிக்க எதுவுமே இல்லை. மெல்லிசைக்கும், டபுள் பேஸ் போன்ற ஒலிக்கும் இது அருமை. ஆனால் தடிமன் அதிகம். கழுத்தின் தலைப்பக்கம் உள்ள நட்டின் பள்ளத்தில் உட்காருமா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

ரவுண்டின் கூர்மையை விட மனமில்லாதவர்களுக்குப் பூச்சுக் கம்பி இருக்கிறது. கோர்-டெக்ஸ் துணியால் பெயர் பெற்ற டபிள்யூ.எல். கோர் நிறுவனம் எலிக்சர் என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது. மெல்லிய பாலிமர்ப் படலம் பள்ளங்களையும் மூடிவிடுவதால் வியர்வை உள்ளே இறங்காது. விலை கூடுதல்தான். மீட்டும் இடத்தில் படலம் தேய்ந்து நூல்நூலாகப் பிரிந்தால் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம்.

பூச்சில்லாத ரவுண்டே வேண்டுமென்றால் உலோகத்தைப் பார்க்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு ஈரத்தைத் தாங்கும், ஒலி ஆகப் பிரகாசமாக இருக்கும். ஆனால் கடினமானது, ஃபிரெட்டுகளை விரைவில் தேய்க்கும். நிக்கல் முலாம் பூசிய எஃகு நடுத்தரம். கடைகளில் அதிகம் தொங்குவது இதுதான். முழு நிக்கல் ஒலியில் கொஞ்சம் கதகதப்பு, விரலுக்கும் மிருது.

தடிமனும் இழுவிசையும்

உறையின் மேல் 45–105 என்று போட்டிருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் 45 பங்கு மேல் கம்பி, 105 பங்கு அடிக்கம்பி என்று பொருள். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நடுத்தர அளவு இது. 34 அங்குலக் கருவியில் இந்த நான்கு கம்பிகளையும் ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி கூட்டினால், கழுத்தின் மேல் விழும் மொத்த இழுவிசை ஒரு வளர்ந்த ஆளின் எடைக்குச் சமம்: சுமார் 70 முதல் 80 கிலோ.

எண் மட்டும் கம்பியின் விறைப்பைச் சொல்லாது. வியன்னாவின் தோமஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் ஃப்ளாட் 43–100. தொட்டால் ரப்பர்போல் நெகிழும். ஜாமர்சன் கட்டிய லா பெல்லா 52–110. அதை அழுத்த இடது கைக்குத் தெம்பு வேண்டும். இரண்டுமே ஃப்ளாட்தான். எட்டு மணிநேர ஷிஃப்டுக்குப் பிறகு நான்கு மணிநேரம் வாசிக்கப் போகிறவர் தன் மணிக்கட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாடகர் தொண்டை கட்டிக்கொண்டு வந்து “அரைக் கட்டை இறக்கிக்கலாமா?” என்று கேட்கும் ராத்திரிகளும் உண்டு. கம்பியையே அரைக் கட்டை தளர்த்தினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். ஒரு முழுக் கட்டைக்கு 20 சதவீதம். மெல்லிய கம்பி அப்போது தொளதொளவென்று ஃபிரெட்டில் இடித்துக் கடகடக்கும். இப்படி அடிக்கடி இறக்க வேண்டிய குழுவில் இருப்பவர் 50இல் தொடங்கும் தடித்த செட்டை வாங்கலாம், அல்லது ஐந்து கம்பி பேஸுக்கு மாறலாம். ஐந்தாவது கம்பியின் சுரம் நொடிக்கு 31 அதிர்வுக்கும் சற்றுக் கீழே. அதற்கு 125 முதல் 135 வரை தடிமன் வேண்டும்.

வாங்கும் முன் கருவியின் நீளத்தையும் அளந்துகொள்வது நல்லது. பால் மெக்கார்ட்னி வாசித்த ஹோஃப்னர் போன்ற சின்ன பேஸ்களுக்கு அளவு 30 அங்குலம். அதில் நீளக் கம்பியைக் கட்டினால் தடித்த பகுதியே சுருதி முனையில் சுற்ற வேண்டி வரும். சுற்று பிரியும், கம்பி செத்துவிடும்.

சீவகன் கண்ட மயிர்

கம்பி ஆராய்வது தமிழுக்குப் புதிதல்ல. திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியில், காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வரும் சீவகன் தன்முன் வைக்கப்பட்ட யாழ்களைக் குற்றம் சொல்லித் தள்ளுகிறான். ஒன்றின் நரம்பைப் பிரித்து உள்ளே கிடந்த மயிரை எடுத்துக் காட்டுகிறான். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று நரம்புக்கு நான்கு குற்றங்களையே பழைய நூல்கள் வகுத்துவைத்திருக்கின்றன. இழையில் கலந்த அயல்பொருள், தவறான முறுக்கு. நாதத்தைக் கொல்வது இவைதான் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இன்றைய எஃகுக் கம்பிக்கும் முறுக்குக் குற்றம் உண்டு. மாட்டும்போது கம்பியைத் திருகிவிட்டால் உள்ளே இருக்கும் உயிர்க்கம்பியும் மேல் சுற்றும் ஒன்றோடொன்று பிணங்கும். புத்தம்புதுக் கம்பியில் மந்தமான, அலையும் ஒலி வரும். பிரிட்ஜிலிருந்து நேராக இழுத்து, திருகாமல், முனையைப் பிடித்தபடி சுற்ற வேண்டும். வெட்டும் முன் முனையை மடக்கிக்கொள்ள வேண்டும். மடக்காமல் வெட்டினால் சில வகைக் கம்பிகளில் மேல் சுற்று வழுக்கிக் கழன்றுவிடும். சுருதி முனையில் இரண்டு மூன்று சுற்று, ஒவ்வொன்றும் முந்தையதன் கீழே இறங்கினால் போதும்.

தடிமன் மாறினால் கழுத்தின் வளைவும் மாறும். முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டு நடுவில் பார்த்தால், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். அதிகமென்றால் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடைக் கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்கிப் பார்க்கலாம். பிறகு 12ஆம் ஃபிரெட்: அங்கே தொட்டு எழுப்பும் சுரமும் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இதை விட்டுவிட்டுக் கம்பியைக் குறை சொல்வது நியாயமில்லை.

மீதியெல்லாம் ஒரு காட்டன் துணியில் இருக்கிறது. வாசிக்கும் முன் கையைக் கழுவித் துடைப்பது, முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் துணிக்குள் பிடித்து மேலும் கீழும் இழுப்பது, பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. சிலிக்கா ஜெல்லின் அருமையை இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய ரவுண்ட் கம்பிகளைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் பள்ளத்து அழுக்கு இளகிக் கொஞ்ச நாள் பளபளப்பு திரும்பும். முழுக்க உலர்த்தாமல் மாட்டினால் முன்னைவிட வேகமாகத் துரு ஏறும். அவசரச் சமாளிப்புக்கு இந்தக் கொதிநீர் வைத்தியம் போதும்.

இதே பினாங்கிலிருந்து 1960களின் இறுதியில் கிளம்பியவர்கள்தான் ஆலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும். ஹாங்காங் மேடைகளில் வாசித்துவிட்டுத் திரும்பி, மலாய்ப் பாட்டில் நாடறிந்த குரல்களானார்கள். இன்றைக்கு வாரக்கடைசியில் கம்பி மாற்றிக்கொண்டிருக்கும் பினாங்குப் பிள்ளைக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது.

அடுத்த செட்டை வாங்கியதும், பழைய கம்பியில் ‘பனிவிழும் மலர்வன’த்தின் பேஸ் வரியை ஒருமுறை கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம். புதுக் கம்பியில் அன்றே ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை. கேட்கும்போது காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள்; கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அடிக்கம்பியின் 41 அதிர்வு கேட்கவே கேட்காது. கம்பி வந்த உறையின் பின்னால் மாட்டிய தேதியை எழுதிக் கிட்டார் பைக்குள் போட்டுவைத்தால், தீபாவளி மேடைக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்த உறை கையில் அகப்படும். அப்போது தேதியைப் பார்த்துவிட்டு, அடிக்கம்பியை ஒருமுறை தட்டிக் கேட்டால் போதும்.